சவுண்ட் கார்டுக்கு ஐஆர்க்யூ 5 வாங்கிக் கொடுத்தது: ஒரு பழைய கணினியின் வேலைக் குறிப்பு

பென்டியம் எம்எம்எக்ஸ் 166 மெகாஹெர்ட்ஸ், 32 எம்பி ரேம், விண்டோஸ் 98, அதற்கடியில் டாஸ். இந்தக் கணினியில் பழைய டாஸ் புரோகிராம்களையும் கேம்களையும் ஒலியோடு ஓட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகியிருப்பது சவுண்ட் பிளாஸ்டர் 16, பிளக் அண்ட் பிளே வகை, அதாவது எண்களை மென்பொருளே அமைக்கும் வகை.

பிசிஐ என்ற புதிய வகை ஸ்லாட்டுக்கான சவுண்ட் கார்டு ஒன்றும் கைவசம் இருந்தது. விண்டோஸுக்கு அதுவே போதும். ஆனால் டாஸ் காலத்துப் புரோகிராம்களுக்கு டிரைவர் என்று நடுவில் ஒருவர் கிடையாது. அவை ஒலிக்கான போர்ட் முகவரியில் நேராகக் கைவைக்கும். அந்த முகவரியில் உண்மையான கார்டு பதில் சொன்னால் ஒலி வரும். பிசிஐ கார்டு என்றால் நினைவகத்தில் ஒரு போலிப் புரோகிராமை ஏற்றி, சவுண்ட் பிளாஸ்டர் போல நடிக்க வைக்க வேண்டும். சில கேம்களில் அந்த நடிப்பு செல்லும், பலவற்றில் பாதியிலேயே வெளுத்துவிடும். அதனால் ஐஎஸ்ஏ.

கார்டைச் செருகியதும் விண்டோஸ் அடையாளம் கண்டுகொண்டது, ஒலியும் வந்தது. டாஸுக்குப் போனதும்தான் கதை மாறியது. ஒரு கேமில் இசை அருமையாக ஓடியது, பேச்சு மட்டும் முதல் அசையிலேயே மாட்டிக்கொண்டு "வெ... வெ... வெ..." என்று நிற்காமல் திக்கியது. 16 பிட் ஒலியைச் சோதிக்கும் புரோகிராமிலோ ஒன்றுமே இல்லை. திரை அப்படியே நின்றது.

இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்தே பாதி நோயைச் சொல்லிவிடுகின்றன. ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டைப் பொறுத்தவரை காதுதான் முதல் சோதனைக் கருவி என்பது என் கட்சி.

கார்டுக்குத் தேவைப்படும் வளங்கள் மூன்று வகை. முதலாவது போர்ட் முகவரி: புரோகிராம் கட்டளை எழுதும் இடம். சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு வழக்கமானது ஹெக்ஸ் (பதினாறடி எண்முறை) 220. 240, 260, 280 என்றும் வைக்கலாம். இரண்டாவது ஐஆர்க்யூ: "கொடுத்த வேலை முடிந்தது, அடுத்ததைக் கொடு" என்று கார்டு செயலியின் தோளைத் தட்டும் கம்பி. மூன்றாவது டிஎம்ஏ சானல்: செயலியின் உதவியில்லாமல் நினைவகத்திலிருந்து ஒலித் தரவு கார்டுக்குப் போகும் வழி. இதில் 8 பிட் ஒலிக்கு 0, 1, 3 ஆகியவற்றில் ஒன்று, 16 பிட் ஒலிக்கு 5, 6, 7 ஆகியவற்றில் ஒன்று. பலரும் இந்த இரண்டாவது சானலை மறந்துவிடுவார்கள்.

இப்போது அறிகுறிக்கு வருவோம். இசை வந்தது ஏன்? அது கார்டில் உள்ள எஃப்எம் என்ற இசைச் சிப்பின் வேலை. ஹெக்ஸ் 388-இல் எழுதினால் சிப் தானே ஸ்வரத்தை உண்டாக்கும். அதற்கு ஐஆர்க்யூவும் வேண்டாம், டிஎம்ஏவும் வேண்டாம். எனவே எஃப்எம் இசை கேட்கிறது என்பதால் கார்டு உயிரோடிருக்கிறது, ஸ்பீக்கர் வயர் சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் நிரூபணமாகாது. "இசை வருதே, அப்போ செட்டிங் சரிதானே" என்று பலர் ஏமாறும் இடம் இதுதான்.

பேச்சு திக்குவது இன்னும் சுவாரசியமானது. புரோகிராம் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி டிஎம்ஏ கட்டுப்படுத்தியிடம் ஒப்படைத்துவிடும். பகுதியின் ஒரு பாதி ஓடி முடிந்ததும் கார்டு ஐஆர்க்யூவைத் தட்டும். மறுபாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் முதல் பாதியில் புதுத் தரவை நிரப்பும். இந்தத் தட்டல் புரோகிராமுக்குப் போய்ச் சேராவிட்டால்? டிஎம்ஏவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, பழைய தரவையே சுற்றிச் சுற்றி ஓட்டும். 11,025 ஹெர்ட்ஸ், 8 பிட், ஒற்றைச் சானல் ஒலிக்கு 4,096 பைட் ஒதுக்கியிருந்தால் ஒரு சுற்று ஏறக்குறைய 0.37 நொடி. நான் கேட்ட "வெ... வெ..." அந்தத் தாளத்தில்தான் இருந்தது. ஆக, 8 பிட் டிஎம்ஏ சரி, முகவரி சரி, ஐஆர்க்யூ மட்டும் தவறு. இன்னும் பழைய புரோகிராம்கள் சுற்றவிடாமல் ஒரே ஒரு தடவை ஓட்டும் முறையைப் பயன்படுத்தும். அவற்றில் இதே கோளாறு வேறு மாதிரித் தெரியும்: ஒரு சத்தம் மட்டும் வந்து, அதன்பின் மௌனம்.

16 பிட் சோதனையில் முழு மௌனம் என்றால் தரவே நகரவில்லை என்று பொருள். அங்கே சந்தேகப்பட வேண்டியது டிஎம்ஏ சானலை.

ஊகத்தோடு நிறுத்தாமல் கார்டையே கேட்டுவிடலாம். டாஸோடு வரும் டீபக் புரோகிராம் இதற்குப் போதும். அதில் ஓ என்ற கட்டளை போர்ட்டில் எழுதும், ஐ என்ற கட்டளை போர்ட்டைப் படிக்கும். (கட்டளைகளையும் ஹெக்ஸ் எழுத்துகளையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். விசைப்பலகையில் அதே உச்சரிப்புள்ள ஆங்கில எழுத்தைத் தட்டவும்.) முதலில் கார்டின் ஒலிச் செயலியை ரீசெட் செய்து பார்க்க வேண்டும்:

ஓ 226 1
ஓ 226 0
ஐ 22ஏ

முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் 3 மைக்ரோநொடி இடைவெளி விட வேண்டும் என்பது விதி. எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கும் அது பிரச்சினையாகாது! மூன்றாவது வரிக்கு விடையாக ஏஏ வந்தால் 220-இல் சவுண்ட் பிளாஸ்டர் இருக்கிறது. எஃப்எஃப் வந்தால் பெரும்பாலும் அந்த முகவரியில் யாருமில்லை. எனக்கு ஏஏ வந்தது.

அடுத்து, கார்டு தன் ஐஆர்க்யூ எது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது? இதை ஒலிகளைக் கலக்கும் மிக்சர் சிப்பின் 80 என்ற பதிவேடு சொல்லும். டிஎம்ஏ சானல்களைப் பக்கத்தில் இருக்கும் 81 சொல்லும்.

ஓ 224 80
ஐ 225
ஓ 224 81
ஐ 225

80-இன் விடையில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 1 என்றால் ஐஆர்க்யூ 2, 2 என்றால் 5, 4 என்றால் 7, 8 என்றால் 10. எனக்குக் கிடைத்தது 8. அதாவது கார்டு பத்தாம் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. 81-இன் விடை 82. இதைப் பிட் பிட்டாகப் பிரித்தால் சானல் 1, சானல் 7. வழக்கமான 1, 5 என்ற ஜோடியாக இருந்திருந்தால் 22 வந்திருக்கும்.

பிறகு டாஸ் கிளம்பும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பைத் திறந்தேன். அங்கே பிளாஸ்டர் வரி இப்படி இருந்தது:

செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்5 பி330 டீ6

ஏ என்பது முகவரி, ஐ ஐஆர்க்யூ, டி 8 பிட் டிஎம்ஏ, எச் 16 பிட் டிஎம்ஏ, பி மிடி (இசைக் கருவி இணைப்பு) போர்ட், டீ கார்டின் வகை. 6 என்றால் சவுண்ட் பிளாஸ்டர் 16. கார்டு தட்டுவது 10, புரோகிராம் காத்திருப்பது 5. கார்டு தரவு கேட்பது 7-ஆம் சானலில், புரோகிராம் திறந்து வைப்பது 5-ஆம் சானலை. இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இந்த வரியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: பிளாஸ்டர் வரியை மாற்றினால் கார்டும் மாறிவிடும் என்று. மாறாது. அது புரோகிராம்களுக்கான தகவல் பலகை மட்டுமே. ஜம்பர் (கையால் மாற்றும் சிறு செருகி) வைத்த பழைய கார்டில் உண்மையான எண் ஜம்பரில் இருக்கும். பிளக் அண்ட் பிளே கார்டில் அது மின்சாரம் நிற்கும்போது மறந்துபோகும் ஒரு தற்காலிக ஏற்பாடு. ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் பயாஸோ (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்), விண்டோஸோ, டாஸில் ஒரு கட்டமைப்புப் புரோகிராமோ யாராவது ஒருவர் கார்டுக்கு எண்ணைச் சொல்ல வேண்டும். என் கணினியில் விண்டோஸ் 98 சொல்லியிருந்தது. அங்கிருந்து டாஸ் முறைக்கு வந்தபோது கார்டு விண்டோஸ் கொடுத்த 10-ஐயும் 7-ஐயும் வைத்துக்கொண்டே வந்தது. ஆட்டோஎக்ஸெக் வரியோ என்றைக்கோ எழுதி வைத்தது.

சுலபமான வழி ஒன்று உண்டு. வரியில் ஐ10, எச்7 என்று திருத்திவிட்டால் ஓரளவு எல்லாம் ஓடும். எனக்கு அது போதவில்லை. முதல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது 1989-இல். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு 7-க்கு மேற்பட்ட ஐஆர்க்யூ கிடையாது. அந்தக் காலத்துக் கேம்களின் செட்டப் பட்டியலில் 10 என்ற எண்ணே இருக்காது. 5 தேவை. அப்படியானால் 5-ஐ யார் வைத்திருக்கிறார்கள்?

கணினி கிளம்பும்போது பயாஸ் ஒரு சிறு பட்டியலைக் காட்டிவிட்டு ஓடிவிடும். பாஸ் (Pause) விசையை அழுத்தினால் நிற்கும். அதில் பார்த்தபோது பிசிஐ நெட்வொர்க் கார்டு 5-இல் உட்கார்ந்திருந்தது, டிஸ்பிளே கார்டு 11-இல். விண்டோஸ் சவுண்ட் கார்டுக்கு 10-ஐக் கொடுத்ததில் வியப்பில்லை, இருந்ததைத்தானே கொடுக்க முடியும்.

ஐஆர்க்யூக்கள் மொத்தம் 16. ஆனால் சவுண்ட் கார்டுக்கு உதவுவது கொஞ்சம்தான். 0 கடிகாரம், 1 விசைப்பலகை, 3, 4 சீரியல் போர்ட்டுகள், 6 ஃபிளாப்பி, 8 நேரக் கடிகாரம், 12 பிஎஸ்2 மவுஸ், 13 கணிதச் செயலி, 14, 15 ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ். 2 என்பது 1984-இல் பிசி ஏடி வந்தபோது இரண்டாவது கட்டுப்படுத்தியை இணைக்கப் போய்விட்டது. கார்டில் 2 என்று வைத்தால் கணினிக்கு அது 9 ஆகத் தெரியும். 7 பிரிண்டர் போர்ட்டுக்கு. மிஞ்சுவது 5, 9, 10, 11. இந்த நாலைத்தான் பிசிஐ கார்டுகளும் மேய வருகின்றன.

பிசிஐ கார்டுகள் தங்களுக்குள் ஒரே ஐஆர்க்யூவைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே கம்பியின் மின்நிலை தாழ்ந்தே இருக்கும்வரை கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்று கணக்கு. ஒருவரைக் கவனித்து முடித்த பின்னும் நிலை மாறவில்லை என்றால் இன்னொருவரும் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஐஎஸ்ஏ பாணி வேறு: மின்நிலை ஏறும் அந்தக் கணம் மட்டுமே கணக்கு. இரண்டு கார்டுகள் ஒரே கம்பியில் இருந்தால் ஒன்றின் தட்டல் மற்றதில் மறைந்து தொலைந்துபோகும். எனவே விட்டுக்கொடுக்க வேண்டியது நெட்வொர்க் கார்டுதான். அது 11-இல் டிஸ்பிளே கார்டோடு ஒட்டிக்கொள்ளலாம்.

பயாஸில் பிளக் அண்ட் பிளே, பிசிஐ அமைப்புகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அதில் வளங்களைத் தானாக ஒதுக்கும் தேர்வைக் கைமுறைக்கு மாற்றியதும் ஐஆர்க்யூக்கள் வரிசையாக வந்தன. 5-க்கு நேரே இருந்ததை "லெகசி ஐஎஸ்ஏ" என்று மாற்றினேன். இதற்குப் பொருள்: பயாஸே, இந்த எண்ணைத் தொடாதே. பிசிஐ கார்டுக்கும் கொடுக்காது, பிளக் அண்ட் பிளே ஐஎஸ்ஏ கார்டுக்கும் கொடுக்காது. நம் கார்டும் இந்த இரண்டாவது வகைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நம் கார்டுக்கு எண்ணைச் சொல்லப்போவது பயாஸ் இல்லை என்பதால் இது நமக்குச் சாதகம். அதே பக்கத்தில் பழைய ஒதுக்கீட்டுத் தகவலை அழிக்கும் தேர்வு ஒன்று இருக்கும், அதையும் ஒரு முறைக்கு இயக்கினேன். இல்லையென்றால் பயாஸ் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய பங்கீட்டையே மறுபடி தூக்கிக்கொண்டு வரக்கூடும். மறுதொடக்கத்தில் பட்டியல் மாறியது: நெட்வொர்க் கார்டும் டிஸ்பிளே கார்டும் 11-இல், 5 காலி.

இப்படிக் கைமுறைத் தேர்வே இல்லாத பயாஸ்களும் உண்டு. அங்கே நெட்வொர்க் கார்டை வேறு பிசிஐ ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்லாட்டின் குறுக்கீட்டு (ஐஆர்க்யூ) கம்பியும் மதர்போர்டில் வேறு வேறு வழியில் போவதால் ஸ்லாட் மாறினால் எண்ணும் மாறும்.

பயாஸில் இருக்கும்போதே பிரிண்டர் போர்ட்டையும் பார்த்துவிட்டேன். இசிபி என்ற வேகமான முறையில் அது ஒரு டிஎம்ஏ சானலைக் கேட்கும். 3 அல்லது 1 என்று தேர்வு இருக்கும். 1-ஐக் கொடுத்தால் சவுண்ட் கார்டோடு மோதல். இங்கே ஏற்கெனவே 3-இல்தான் இருந்தது. ஆனாலும் பிரிண்டர் இல்லாத கணினிக்கு இசிபி எதற்கு? சாதாரண முறைக்கு மாற்றி அந்தச் சானலையும் விடுவித்தேன்.

அப்புறம் கார்டு. டாஸில் இந்த வகைக் கார்டுக்குக் கட்டமைப்பு செய்பவை சிடிசியூ, சிடிசிஎம் என்ற இரண்டு புரோகிராம்கள். சிடிசியூ என்பது நாம் திரையில் எண்களை மாற்றும் இடம். சிடிசிஎம் ஒவ்வொரு முறை டாஸ் கிளம்பும்போதும் அந்த எண்களைக் கார்டுக்குச் சொல்லும் வேலைக்காரன். சிடிசியூவில் ஐஆர்க்யூவை 5 ஆகவும், மேல் டிஎம்ஏவை (16 பிட் சானலை) 5 ஆகவும் வைத்தேன். ஒன்று குறுக்கீட்டு எண், இன்னொன்று சானல் எண். இரண்டும் 5 என்பதால் ஒன்றோடொன்று மோதாது. இந்தக் குழப்பம் புதியவர்களுக்கு அடிக்கடி வரும்.

சில கார்டுகளில் சிடி டிரைவுக்கென்று தனி ஐடிஇ (டிஸ்க், சிடி டிரைவ்களுக்கான) இணைப்பும் இருக்கும். அதைப் பயன்படுத்தாவிட்டாலும் தனக்கென்று ஒரு ஐஆர்க்யூவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்தக் கார்டிலும் அது இருந்தது. சிடி டிரைவ் மதர்போர்டிலேயே இணைந்திருப்பதால் அதை முடக்கினேன்.

பதிவேடு 80, 81-இல் நாமே எழுதி மாற்றினால் என்ன என்று தோன்றலாம். மென்பொருளால் அமைக்கும் பழைய சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் அது நடக்கும். பிளக் அண்ட் பிளே வகையில் எழுதினாலும் ஏறாது. அங்கே அவை படித்துப் பார்ப்பதற்கு மட்டும்.

மறுதொடக்கம், மறுபடி டீபக். 80-இன் கடைசி இலக்கம் 2, 81-இன் விடை 22. பிளாஸ்டர் வரியைத் தொடவே தேவையில்லை, இப்போது கார்டு அந்த வரிக்கு ஒத்துவந்துவிட்டது. கேமில் பேச்சு திக்காமல் வந்தது, 16 பிட் சோதனையும் ஒலித்தது. ஒருவேளை 16 பிட் மட்டும் இன்னும் ஊமையாகவோ கரகரப்பாகவோ இருந்தால், மேல் டிஎம்ஏவாக 1-ஐயே கொடுத்துப் பார்க்கலாம். 16 பிட் ஒலியை 8 பிட் சானல் வழியாகவே எடுத்துக்கொள்ள இந்தக் கார்டுக்குத் தெரியும். சில மதர்போர்டுகளின் மேல் சானல்கள் நம்பகமானவை அல்ல. அங்கே இது நல்ல தப்பிக்கும் வழி. வரியிலும் எச்1 என்று மாற்ற மறக்கக் கூடாது.

டாஸ் சரியாயிற்று. விண்டோஸை அப்படியே விட்டால் அது மறுபடி தன் இஷ்டத்துக்கு எண்ணைக் கொடுத்து, டாஸ் முறைக்கு வரும்போது பழைய கதையைத் தொடங்கிவைக்கும். டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் கார்டின் ரிசோர்ஸஸ் பக்கத்துக்குப் போய், தானியங்கி அமைப்பு என்ற டிக்கை எடுத்தேன். சில சமயம் எண்ணை மாற்றவிடாமல் "இந்த அமைப்பை மாற்ற இயலாது" என்று விண்டோஸ் மறுக்கும். அப்போது மேலே இருக்கும் அடிப்படைக் கட்டமைப்புப் பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தால் வழிவிடும். 220, 5, 1, 5 என்று கொடுத்ததும் கீழே மோதல் எதுவுமில்லை என்று காட்டியது. கைமுறையாகக் கொடுத்த எண்ணை விண்டோஸ் அதன்பின் நகர்த்தாது. இது நமக்கு வேண்டியதுதான், ஆனால் நாளைக்கு இன்னொரு கார்டைச் செருகும்போது இடம் போதவில்லை என்று அது புகார் சொன்னால் காரணம் இங்கே இருக்கும். டாஸ் முறைக்கு இறங்கும்போது ஓடும் டாஸ்ஸ்டார்ட் என்ற தொகுப்புக் கோப்பிலும் அதே பிளாஸ்டர் வரியையும் சிடிசிஎம் கட்டளையையும் சேர்த்தேன்.

மிடி போர்ட் 330 பிரச்சினை தரவில்லை. ஸ்கஸி கார்டு (ஹார்டு டிஸ்க் போன்றவற்றை இணைப்பது) உள்ள கணினியில் கவனம் தேவை, 330-ஐ இயல்பு முகவரியாக வைத்துக்கொள்ளும் ஸ்கஸி கார்டுகள் உண்டு. அப்போது மிடியை 300-க்கு நகர்த்தலாம், அங்கே பழைய ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்காவிட்டால். ஜாய்ஸ்டிக் போர்ட் ஹெக்ஸ் 200-இல் இருக்கும். மதர்போர்டிலோ வேறு கார்டிலோ இன்னொரு ஜாய்ஸ்டிக் போர்ட் இருந்தால் இரண்டில் ஒன்றை அணைத்துவிட வேண்டும்.

இதே கணினியில் லினக்ஸ் போட்டு இதே கார்டை ஓட்டுபவர்களுக்கு வேலை சுலபம். ப்ராக் கோப்பகத்தில் இன்டரப்ட்ஸ், டிஎம்ஏ, ஐஓபோர்ட்ஸ் என்று மூன்று கோப்புகள், யார் எதைப் பிடித்திருக்கிறார் என்பதை நேராகக் காட்டிவிடும். டீபக் வேலையே இல்லை.

மிஞ்சியது ஒரே ஒரு பழைய புரோகிராம். அது பிளாஸ்டர் வரியைப் படிப்பதே இல்லை, ஐஆர்க்யூ 7-ஐ மட்டுமே எதிர்பார்க்கிறது. ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர்களின் இயல்பு எண் 7 என்பதால் இப்படி எழுதப்பட்டவை சில இருக்கின்றன. அதற்காக சிடிசிஎம் படிக்கும் அமைப்புக் கோப்பின் இரண்டாவது பிரதியில் 7 என்று வைத்து, அதைப் பெயர் மாற்றி உள்ளே கொண்டுவந்து, சிடிசிஎம்மை ஓட்டி, பிளாஸ்டரை ஐ7 ஆக்கி, புரோகிராமைத் தொடங்கி, முடிந்ததும் எல்லாவற்றையும் 5-க்குத் திருப்பும் ஒரு தொகுப்புக் கோப்பு எழுதினேன். 7 பிரிண்டர் போர்ட்டின் எண்தான். டாஸ் அச்சிடுவதற்குப் பெரும்பாலும் குறுக்கீட்டைப் பயன்படுத்துவதில்லை என்பதால் மோதல் தெரிவதில்லை. இந்தக் கணினியில் எப்படியும் பிரிண்டர் இல்லை. பயாஸில் அந்தப் போர்ட்டையே அணைத்துவிட்டேன்.